முறையிடாது வெளியேறியோர்: அல்டிமா ஆன்லைனில் ஆட்டக்காரர் கொலையும் புதியவர் நிலையும் (1997–2000)

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிப் பலர்கூடி ஆடும் விளையாட்டுகளில், வலிமை மிக்க ஆட்டக்காரர் தனித்து வரும் புதியவரை வளைத்துக் கொன்று உடைமையைப் பறிக்கும் வழக்கம் 'கேங்கிங்' எனப்படுகிறது. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்னும் விளையாட்டில் இவ்வழக்கம் பரவிய முறையையும், அதைத் தடுக்க நடந்த சட்டச் சோதனைகளையும், 2000ஆம் ஆண்டில் அவ்வுலகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கொலைக்குப் பின் வரும் தண்டனைகள் யாவும், கொல்லப்பட்டவர் அவ்வுலகிலேயே தங்கி முறையிடுவார் என்ற எடுகோளின்மேல் நின்றன. புதியவரோ முறையிடாமல் வெளியேறினார். சோதனைகள் தோற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஆட்டக்காரர் கொலை, கேங்கிங், அல்டிமா ஆன்லைன், மெய்நிகர் உலகம், வெளியேற்றம், புதியவர்.

முன்னுரை

தமிழில் விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் நாட்டார் வழக்காற்றியலின் ஒரு பகுதியாக எழுதப்பட்டு வந்துள்ளது. கணினி விளையாட்டைப் பற்றிய பேச்சோ, 'அடிமையாதல்' என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே பெரிதும் நிகழ்கிறது. ஆனால் பல்லாயிரவர் ஒரே காலத்தில் புழங்கிய ஒரு கற்பனை நாட்டுக்கு அரசியல் வரலாறும் உண்டு. அங்கே குற்றம் நிகழ்ந்தது, சட்டம் இயற்றப்பட்டது, சட்டம் தோற்றது, மக்கள் குடிபெயர்ந்தனர். அவ்வரலாற்றை ஆவண வரலாற்றுக்குரிய வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 'கேங்க்' என்பது 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் ஏமாற்றிப் பறித்தல் என்னும் பொருளில் வழங்கியது. விளையாட்டுலகில் அது 'கூட்டம்', 'கொலை' என்னும் பொருளுடைய இரு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை என விளக்கப்படுவதுண்டு. இது பின்னர் ஏற்றப்பட்ட சொற்பிறப்பாகவே தோன்றுகிறது. அல்டிமா ஆன்லைன் காலத்து ஆட்டக்காரர் 'பி.கே.' என்னும் சுருக்கத்தையே பெரிதும் ஆண்டனர். ஆட்டக்காரரைக் கொல்பவர் என்பது அதன் பொருள். இக்கட்டுரையில் 'ஆட்டக்காரர் கொலை' என்பது பொதுச்சொல்லாகவும், 'கேங்கிங்' என்பது எதிர்த்து நிற்க இயலாதவரைத் திடீரெனத் தாக்கும் அதன் ஒரு வகையைச் சுட்டும் சொல்லாகவும் ஆளப்படுகின்றன. புதியவரைக் குறிக்கும் 'நியூபி', 'நூப்' ஆகிய சொற்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கைப்பேசியில் ஆடும் நம் பள்ளி மாணவர் பேச்சிலும் இரண்டாவது சொல் வசையாக நிலைபெற்றுவிட்டது.

சான்றுகளின் தன்மையையும் தொடக்கத்திலேயே கருத வேண்டும். இவ்விளையாட்டின் வடிவமைப்பாளர்கள் எழுதியவை கிடைக்கின்றன. கொன்றவர்கள் தங்கள் வீரத்தைப் பதிவு செய்துள்ளனர். கொலையாளிகளை எதிர்த்துப் படை திரட்டியவர்களும் அவ்வாறே. முதல் வாரத்தில் இருமுறை கொல்லப்பட்டுக் கணினியை அணைத்துவிட்டுத் திரும்பாமற் போனவர் எதையும் எழுதவில்லை. அவர் தடயம் நிறுவனத்தின் சந்தாக் கணக்கில் குறையும் ஓர் எண் மட்டுமே. ஆகவே எஞ்சிய சான்றுகள் அனைத்தும் தங்கியவர்களின் சான்றுகள். இவ்வுலகைப் பற்றிய 'பொற்காலம்' என்ற நினைவு யாருடையது என்னும் வினா இதிலிருந்தே எழுகிறது.

முன்வரலாறு

ஆட்டக்காரர் கொலை அல்டிமா ஆன்லைனில் தோன்றியதன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா தொடங்கி, 1980 முதல் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் எழுத்துவழி விளையாட்டிலேயே ஒருவர் மற்றவரைத் தாக்க இயலும். சண்டையில் மாண்ட பாத்திரம் முற்றாக அழியும். 1996இல் பார்ட்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆட்டக்காரரைச் சாதிப்போர், தேடிக் காண்போர், பழகுவோர், கொல்வோர் என நால்வகையாகப் பகுத்தது. அப்பகுப்பு இன்று ஆளுமைத் தேர்வுபோல எளிமைப்படுத்தி வழங்கப்படுகிறது. கட்டுரையின் உண்மையான கவலை வேறு: ஒரு வகையினர் பெருகினால் மற்ற வகையினர் எண்ணிக்கை என்ன ஆகும் என்பதே அது. கொல்வோர் மிகும்போது பழகுவோர் அருகுவர் என்று, அல்டிமா ஆன்லைன் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே அவர் கணித்திருந்தார்.

இதனினும் நேரடியான முன்னுதாரணம் லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தின் 'ஹேபிடாட்'. கமடோர் 64 கணினிக்காகச் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டல் ஃபார்மரும் வடிவமைத்த இவ்வுலகின் சோதனை 1986இல் தொடங்கியது. இங்கே துப்பாக்கியும் இருந்தது, திருட்டும் இருந்தது. கொல்லப்பட்டவர் கையிலிருந்ததை இழந்து தம் வீட்டில் மீண்டும் எழுவார். கொலை குற்றமா, விளையாட்டின் ஒரு பகுதியா என்று அங்கு வாழ்ந்தோரிடையே விவாதம் மூண்டது. ஓர் ஆட்டக்காரர் வன்முறையைத் துறக்கும் சமயச் சபை ஒன்றைத் தொடங்கினார். ஊர்க்காவல் தலைவர் ஒருவர் வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறுதியில், நகரெல்லைக்குள் ஆயுதமும் திருட்டும் செல்லாது, காட்டுவெளியில் செல்லும் என ஒரு வரம்பு இடப்பட்டது. வடிவமைப்பாளர் இருவரும் இவ்வனுபவத்தை 1990இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையாக வாசித்தனர். அம்மாநாடு நடந்த ஊர் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின். பின்னர் அல்டிமா ஆன்லைனை உருவாக்கிய ஆரிஜின் நிறுவனத்தின் ஊரும் அதுவே. பாடம் எழுதப்பட்டிருந்தது, அதை ஒவ்வோர் உலகமும் தன் செலவில் மீண்டும் கற்றது.

பிரிட்டானியாவின் தொடக்கம்

அல்டிமா வரிசை விளையாட்டுகளை உருவாக்கியவர் ரிச்சர்ட் காரியட். 1985இல் வெளிவந்த நான்காம் அல்டிமாவில் வாய்மை, இரக்கம், வீரம், நீதி, ஈகை, மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களைக் கடைப்பிடிப்பதே ஆட்டத்தின் இலக்கு. தனியொருவர் ஆடிய அந்த அறவுலகை ஆயிரவர் கூடி வாழும் நாடாக மாற்றும் முயற்சியே 1997 செப்டம்பரில் வெளிவந்த அல்டிமா ஆன்லைன். ராஃப் காஸ்டர் அதன் முதன்மை வடிவமைப்பாளர். நாட்டின் பெயர் பிரிட்டானியா. தச்சர், கொல்லர், மீனவர், தையற்காரர், வணிகர் எனப் போர்த்தொழில் சாராத வாழ்க்கையும் அங்கே இயலும். வீடு கட்டலாம், கடை வைக்கலாம். ஒரு லட்சம் சந்தாதாரரை இவ்வகை விளையாட்டு ஒன்று எட்டியது இதுவே முதன்முறை.

இவ்வுலகின் மிகப் புகழ்பெற்ற கொலை, அது விற்பனைக்கு வருமுன்னரே நிகழ்ந்தது. 1997 ஆகஸ்டில், சோதனைக் காலத்தின் இறுதியில், காரியட் தம் அரச வேடத்தில் மக்கள்முன் தோன்றினார். வழங்கி மீளத் தொடங்கப்பட்டபின் அவர் பாத்திரத்துக்குரிய இறவாத்தன்மை மீட்டமைக்கப்படவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் ஏவிய தீ மந்திரத்தில் அரசர் மாண்டார். இந்நிகழ்ச்சி எண்ணற்ற முறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அதே கதையின் பின்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: அரசரைக் கொன்றவரைத் தேடி அழைக்கப்பட்ட பூதங்கள், கூடியிருந்த பொதுமக்களைக் கொன்று குவித்தன. அரசன் சாவைப் பெயரோடும் குடிகள் சாவைத் தொகையோடும் குறிக்கும் வழக்கம் இங்கும் தொடர்கிறது.

புதியவர் ஒருவர் அந்நாட்டில் எதிர்கொண்டதை விதிகளிலிருந்தே மீட்டுருவாக்க முடியும். நகரெல்லைக்குள் காவலர் உண்டு. 'காவலரே' என்று தட்டச்சு செய்தால் அவர்கள் தோன்றிக் குற்றவாளியை ஒரே வெட்டில் வீழ்த்துவர். ஆனால் அழைக்க வேண்டும் என்பது புதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொருள் ஈட்டத் தாது வெட்டவோ மரம் தறிக்கவோ வேட்டையாடவோ எல்லையைத் தாண்டியாக வேண்டும். தாது கனமானது, சுமந்தவர் விரைந்து ஓட இயலாது. எனவே சுரங்கவாயில் வழிப்பறிக்கு உகந்த இடமாயிற்று. கொல்லப்பட்டவர் ஆவியாவார். அவர் பேசுவது பிறருக்கு வெறும் ஊளையாகவே தோன்றும். ஆவிமொழித் திறன் பெற்றவர் மட்டுமே அதை உணர்வர். மருத்துவரையோ திருத்தலத்தையோ தேடி அலைந்து உயிர்பெற்று, ஓர் அங்கியோடு திரும்பினால், தம் சடலத்தில் இருந்தவை சூறையாடப்பட்டிருக்கும். தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட சில எளிய பொருள்கள் மட்டும் இறந்தபின்னும் அவரோடு இருக்கும்.

இவற்றோடு சூழ்ச்சிகளும் சேர்ந்தன. வங்கி வாயிலில் மாயக்கதவு ஒன்று திறக்கப்படும். ஆர்வத்தால் நுழைந்த புதியவர், ஆட்கள் காத்திருக்கும் தனித்தீவில் போய் நிற்பார். ஆட்டக்காரரின் பெயர் நிறம் அவர் நிலையைக் காட்டும்: குற்றமற்றவர் நீலம், குற்றம் செய்தவர் சாம்பல், கொலையாளி சிவப்பு. சாம்பல்நிறத்தவரைக் கொன்றால் பழி இல்லை. எனவே புதியவரைச் சாம்பல்நிறத்தவராக்கிக் கொல்வது ஒரு கலையாக வளர்ந்தது. வழியில் கிடக்கும் சடலத்திலிருந்து ஒரு பொருளை எடுத்தாலே போதும்; அடுத்த இரண்டு நிமிடங்களுக்கு அவர் குற்றவாளி. விதியை அறியாமையே இங்குக் கொலைக்குரிய காரணமாக மாற்றப்பட்டது. இதை நான் தனியே வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: கேங்கிங்கை உடல்வலிமையின் ஏற்றத்தாழ்வாக மட்டும் விளக்கும் போக்கு இன்றும் உள்ளது. அல்டிமா ஆன்லைனில் பெரிய ஏற்றத்தாழ்வு அறிவில்தான் இருந்தது. கொல்பவர் சட்டத்தை முழுதும் கற்றவர். கொல்லப்படுபவர் சட்டம் ஒன்று இருப்பதையே அப்போதுதான் அறிகிறார்.

இணைப்பின் வேகம் மற்றொரு காரணம். பெரும்பாலோர் தொலைபேசி மோடம் வழியாக ஆடிய காலம் அது. விரைவான இணைப்பு உடையவர் கண்ணுக்கு, மற்றவர் சேற்றில் நடப்பவர்போல் இருந்தனர். தப்பியோடுதல் என்பதே பலருக்கு இயலாததாயிற்று.

1998இலேயே இச்சிக்கல் பொதுவெளிக்கு வந்துவிட்டது. 'வயர்ட்' இதழில் ஏமி ஜோ கிம் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பு, கொலைகாரர்க்கே கொண்டாட்டம் மிகுதி என்று பொருள்படுவது.

தண்டனைமுறையின் வளர்ச்சி

வடிவமைப்பாளரின் தொடக்க நம்பிக்கை உயர்வானது. குற்றம் இயலாத உலகில் நன்மைக்குப் பொருளில்லை. குடிகளே ஒன்றுகூடிக் குற்றத்தை அடக்குவர். அவ்வாறு அடக்குவதிலிருந்து சமூகம் பிறக்கும் என்பது அவர்கள் கருத்து. காஸ்டரின் பிற்கால எழுத்துகளிலும் இந்நம்பிக்கையின் வலுவையும் அதைக் கைவிட நேர்ந்த வருத்தத்தையும் காணலாம். ஆகவே கொலையைத் தடுப்பதற்கு மாறாக, கொலைக்கு விலை வைப்பதே முதல் வழியாயிற்று.

தொடக்கத்தில் இருந்தது 'நற்பெயர் அளவை'. குற்றமற்றவரைக் கொன்றால் பெயர் கெடும். தீய விலங்குகளைக் கொன்றால் பெயர் உயரும். இரண்டும் ஒரே அளவையில் கணக்கிடப்பட்டதால், பகலில் பூதங்களைக் கொன்று ஈட்டிய நற்பெயரை இரவில் மனிதரைக் கொன்று செலவழிக்க முடிந்தது. பாவத்தைக் கழிக்கும் இப்படிப்பட்ட கணக்குப் புத்தகம் எங்கும் இவ்வாறுதான் முடியும்.

1998இல் இம்முறை மாற்றப்பட்டது. கொல்லப்பட்டவர் திரையில் ஒரு வினா தோன்றும்: இவரைக் கொலையாளி என அறிவிக்கிறீரா? ஐந்து அறிவிப்புகள் சேர்ந்தால் கொன்றவர் சிவப்பாவார். சிவப்பு நிறத்தவர் காவலுள்ள நகருள் நுழைய இயலாது. அவர் இறந்து மீண்டால் திறன்களில் ஒரு பகுதியை இழப்பார். கொல்லப்பட்டவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து கொலையாளியின் தலைக்கு விலையும் வைக்கலாம். முந்தையதைவிடச் செம்மையான ஏற்பாடு இது. ஆயினும் அதன் ஒவ்வொரு கூற்றையும் புதியவர் நிலையிலிருந்து பார்த்தால் ஓட்டை தெரியும். முதல் நான்கு கொலைகளுக்கு நிறம் மாறாது. கணக்கு நிலையானதும் அன்று. பாத்திரம் உலகினுள் இருக்கும் ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் குறுகியகாலக் கொலைக்கணக்கில் ஒன்று கழியும். எனவே கணினியை இயக்கிவிட்டு உறங்கியே பலர் பழியைத் தீர்த்தனர். ஒரு கணக்கில், ஒரு வழங்கியில், ஐந்து பாத்திரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே சுரங்கவாயிலில் சிவப்பாக நிற்பவரே நகரச் சந்தையில் நீலநிற வணிகராகவும் உலவினார். தலைக்கு விலை வைக்கப் பொன் வேண்டும். புதியவரிடம் இருந்த பொன்னைத்தான் இப்போது பறித்துக்கொண்டார்களே!

குடிகளின் காவற்படைகளும் எழுந்தன. அவற்றின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. ஆனால் தாக்கும் இடத்தையும் காலத்தையும் தேர்வது கொலையாளியின் உரிமை. காப்பவர் எங்கும் எப்போதும் இருந்தாக வேண்டும். படையில் சேர்ந்தவர்களும் ஏற்கெனவே அவ்வுலகில் வேரூன்றியவர்களே.

வெளியேற்றமும் குரலும்

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதன் உறுப்பினர்க்கு இரு வழிகள் உள்ளன என்றார்: வெளியேறுதல், குரல் எழுப்புதல். எதைத் தேர்வர் என்பதைப் பற்றுதல் தீர்மானிக்கிறது. பற்று மிகுந்தவர் குரல் எழுப்புவர். பற்று இல்லாதவர் சொல்லாமல் போவர். அல்டிமா ஆன்லைனின் வரலாற்றுக்கு இக்கோட்பாடு பொருந்துவது வியப்பன்று. இதுவரை இவ்வரலாற்றைப் பேசியோர் கொலையாளியின் உளவியலுக்குத் தந்த இடத்தில் ஒரு பங்கையேனும் வெளியேறியவருக்குத் தரவில்லை என்பதே வியப்பு.

1998ஆம் ஆண்டின் விதிகளை மீண்டும் நோக்குக. அறிவிப்புப் பெட்டியில் 'ஆம்' என்று அழுத்துவது குரல். தலைக்கு விலை வைப்பது குரல். காவற்படையில் சேர்வது குரல். இவை ஒவ்வொன்றும் நாளையும் நாளை மறுநாளும் அங்கே இருக்கப்போகும் ஒருவரை முன்வைத்து எழுதப்பட்டவை. வீடு, கடை, நண்பர், பல மாத உழைப்பில் பெற்ற திறன் ஆகியவை உடையவர் கொல்லப்பட்டால் சினந்து முறையிடுவார். அவர் இழப்பு அவர் உடைமையின் ஒரு சிறு பகுதியே. புதியவரின் இழப்பு பொருளளவில் அற்பம். அவர் உடைமையில் அது முழுமை. அவரைப் பிடித்து நிறுத்தும் கயிறும் இன்னும் முறுக்கப்படவில்லை. மாதச் சந்தாவான 9.95 டாலரை அடுத்த மாதம் செலுத்தாமல் விட்டால் எல்லாம் முடிந்தது. நிகழுலகக் குற்றவியலிலிருந்து பெற்ற தண்டனைக் கருத்துகள் இங்குப் பொய்த்ததன் காரணம் இதுவே. ஒரு நகரில் கொள்ளையிடப்பட்டவர் அந்நகரைவிட்டு ஒரு விரலசைவில் நீங்க முடியாது. பிரிட்டானியாவை விட்டு நீங்க முடியும்.

இதனால் ஒரு விந்தையான தேர்வு நடந்தது. கொலையைத் தாங்கியவர்கள் எஞ்சினர். எஞ்சியவர்கள் கொலையைத் தாங்கத்தக்கது என்றனர். அவர்கள் குரலே வடிவமைப்பாளரின் காதில் விழுந்தது. குரலற்ற மறுபாதி, விளையாட்டுக்கு வெளியே, கணக்குப் பிரிவில் மட்டும் தெரிந்தது. காஸ்டர் பிற்காலத்தில் இதை வெளிப்படையாக எழுதினார்: மெல்ல மெல்ல விதிகளை இறுக்கிய அச்சோதனைக் காலத்தில் பல லட்சம் ஆட்டக்காரரை இழந்தோம் என்பது அவர் மதிப்பீடு. தம் படைப்பைப் பற்றி ஒரு வடிவமைப்பாளர் தாமே தரும் இத்தகைய வாக்குமூலம் அரிது. எனினும் வெளியேறிய அனைவரும் கொலையால் வெளியேறினர் எனக் கொள்ள இயலாது. இணைப்புத் தடங்கலும் பிழைகளும் அக்காலத்தில் மலிந்திருந்தன.

போட்டியாளரின் வருகை இக்கணக்கைக் கண்முன் நிறுத்தியது. 1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்டில் ஒருவர் மற்றவரைத் தாக்குதல் இயல்பாக இயலாது. விரும்புபவர் தாமே ஒரு பாத்திரத்திடம் சென்று அவ்வாழ்வை ஏற்கலாம், அல்லது அதற்கெனத் தனியே அமைந்த வழங்கியைத் தேரலாம். எவர்குவெஸ்ட் விரைவில் அல்டிமா ஆன்லைனைச் சந்தா எண்ணிக்கையில் முந்தியது. அதுவரை வெளியேறியவருக்குப் போக்கிடம் வீட்டின் வேறோர் அறை. இப்போது வேறோர் உலகம்.

இரு நிலவுகள்

2000ஆம் ஆண்டின் முதற்பாதியில், கார்டன் வால்டன் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த காலத்தில், 'ரினைசான்ஸ்' என்னும் விரிவாக்கம் வந்தது. நிலவரை முழுவதும் படியெடுக்கப்பட்டு உலகம் இரண்டாயிற்று. அல்டிமா கதையுலகின் இரு நிலவுகளான ஃபெலுக்கா, டிராமல் ஆகியவற்றின் பெயர்களே இவற்றுக்கு இடப்பட்டன. பழைய உலகம் ஃபெலுக்கா; அங்கே பழைய விதிகள். புதிய உலகம் டிராமல். அங்கே இசைவின்றி ஒருவரை மற்றவர் தாக்கவோ திருடவோ இயலாது. சிவப்பு நிறத்தவர் டிராமலுள் கால்வைக்கவே முடியாது. புதியவருக்கு 'இளையர்' என்னும் அடையாளமும் தனிப் பாதுகாப்பும் வழங்கப்பட்டன. ஃபெலுக்காவின் மரங்கள் இலையுதிர்ந்து பட்டவையாகவும், தரை எலும்புகளும் கல்லறைகளும் நிறைந்ததாகவும் மாற்றி வரையப்பட்டன. தீர்ப்பு ஓவியத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

மக்கள் பெருந்திரளாக டிராமலுக்குப் பெயர்ந்தனர். இதை அச்சத்தின் அளவுகோலாக மட்டும் கொள்ளக்கூடாது. பழைய உலகில் வீடுகட்ட நிலம் கிடைக்காத நெருக்கடி இருந்தது. டிராமல் வெற்றுநிலத்தைத் திறந்துவிட்டது. நிலத்துக்காகச் சென்றவர் எத்துணையர், உயிருக்கு அஞ்சிச் சென்றவர் எத்துணையர் எனப் பிரித்தறிய வழியில்லை. ஆனால் அதன்பின் நடந்தது ஐயத்துக்கு இடமளிக்காதது. ஃபெலுக்கா வெறிச்சோடியதால், அங்கே ஆளை வரவழைக்க நிறுவனம் ஊக்கங்களை ஏற்படுத்த வேண்டியதாயிற்று: தாதும் மரமும் இருமடங்கு கிடைக்கும் என்றனர், 2002இல் திறன் வரம்பை உயர்த்தும் அரிய சுருள்களை அங்கேயே கிடைக்கச் செய்தனர். கூலி கொடுத்துக் குடியேற்ற வேண்டிய நிலமாக அது மாறியது.

இப்பிரிவினையைப் பழைய ஆட்டக்காரர் பலர் வீழ்ச்சி எனக் கருதினர், இன்றும் கருதுகின்றனர். பிரிவினைக்கு முந்தைய விதிகளை அப்படியே மீட்டெடுக்கும் தனியார் வழங்கிகள் பல இயங்கிவந்துள்ளன. அவர்கள் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. அச்சம் இருந்ததால்தான் அண்டை வீட்டார் துணையாயினர், கூட்டமாகப் பயணம் செய்தனர், அந்நியர் ஒருவர் காப்பாற்றியபோது அது நினைவில் நின்றது என்பர். டிராமலில் அயலார் தேவைப்படவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்தத் தோழமைக்கான செலவை ஏற்றவர் யார் என்ற வினாவை இந்நினைவேக்கம் எழுப்புவதில்லை. ஓநாய்களும் ஆடுகளும் என்ற உவமை அக்கால விவாதங்களில் அடிக்கடி வந்தது. ஆடுகள் போய்விட்டதால் ஓநாய்கள் ஒன்றையொன்று கடிக்க நேர்ந்தது என்று நகையாடினர். ஒப்புக்கு ஒப்பான எதிரியோடு பொருத வேண்டிய நிலை வந்ததும் சிவப்பு நிறத்தவருள் பலர் ஆர்வம் இழந்தனர் என்பதே, முன்பு நிகழ்ந்தது போரா வேட்டையா என்பதைக் காட்டுகிறது.

2003ஆம் ஆண்டில் அல்டிமா ஆன்லைனின் சந்தா ஏறத்தாழ 2,50,000 என்ற உச்சத்தைத் தொட்டது. பிரிவினைக்குப் பின் உலகம் அழிந்தது என்ற கூற்று இவ்வெண்ணோடு பொருந்தவில்லை.

ஈவ் ஆன்லைன் தரும் எதிர்ச்சான்று

மேற்கண்ட வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஐஸ்லாந்திலிருந்து வருகிறது. 2003 மே மாதம் வெளிவந்த ஈவ் ஆன்லைன், விண்வெளியில் இயங்கும் ஒரே உலகம். அங்கே எங்கும் கொலை இயலும். பாதுகாப்பு மிகுந்த பகுதிகளில் 'காங்கார்ட்' என்னும் காவற்படை, தாக்கியவர் கப்பலைத் தவறாது அழிக்கும். ஆனால் தாக்குதலைத் தடுக்காது. எனவே தம் மலிவான கப்பல் அழியும் என அறிந்தே பிறர் சரக்குக் கப்பலைத் தாக்கும் 'தற்கொலை கேங்கிங்' வளர்ந்தது. காவலரால் அழிந்த கப்பலுக்கும் காப்பீட்டுத் தொகை கிடைத்துவந்த விந்தை 2011இன் இறுதியில்தான் நீக்கப்பட்டது.

2015இல் ரெய்க்யவிக் நகரில் நடந்த ஆண்டு விழாவில் அந்நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. சுமார் 80,000 புதியவரின் முதல் 15 நாள்களை ஆராய்ந்ததில், விதிமீறிய தாக்குதலில் கொல்லப்பட்டவர் ஏறத்தாழ 1 விழுக்காடு. விதிக்குட்பட்ட போரில் கொல்லப்பட்டவர் 13.5 விழுக்காடு, பிறரால் கொல்லப்படாதவர் 85.5 விழுக்காடு. சந்தாவைத் தொடர்வதில் முதற்பிரிவினரே முன்னின்றனர், கொல்லப்படாதவர் பின்தங்கினர். கேங்கிங் புதியவரை விரட்டவில்லை, ஈர்க்கிறது என்பதற்குச் சான்றாக இது அன்றுமுதல் எடுத்தாளப்படுகிறது.

இக்கணக்கை மறுக்க வேண்டியதில்லை. அது எதை அளந்தது என்று கேட்டால் போதும். கொல்லப்படுவதற்கு வெளியே பறக்க வேண்டும், சரக்கு ஏற்ற வேண்டும், சில நாள் தங்க வேண்டும். நீண்ட நேரம் ஆடுபவரே கொல்லப்படும் வாய்ப்பு மிக்கவர். நீண்ட நேரம் ஆடுபவரே சந்தா செலுத்தும் வாய்ப்பும் மிக்கவர். இரண்டுக்கும் பொதுக்காரணம் ஆர்வம். முதல் மாலையிலேயே சலித்து நீங்கியவர் அனைவரும் 85.5 விழுக்காட்டினுள் அடங்கிவிடுகின்றனர். மேலும், புதியவர் தொடங்கும் விண்மண்டலங்களில் அவர்களைத் துன்புறுத்தல் கூடாது என்று நிறுவனமே தடைவிதித்துள்ளது. விதிமீறிய கொலை 1 விழுக்காட்டளவில் நின்றதில் இத்தடைக்கும் பங்கு இருக்கலாம்.

காலவேறுபாடு இவற்றினும் முக்கியமானது. 1997இல் ஒரு கற்பனை நாட்டில் தச்சராக வாழ விரும்பியவர் அல்டிமா ஆன்லைனுக்கு வந்தார். கொல்லப்படுவது அவ்விருப்பத்தோடு ஒட்டிவந்த சுமை. 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் தொடக்கத்திலேயே இருவகை வழங்கிகளை வைத்தது. அதன் போர்வகை வழங்கிகளில் ஸ்ட்ராங்கிள்தார்ன் காடு போன்ற பகுதிகள் கேங்கிங்குக்குப் பேர்போனவை. எனினும் அவ்வழங்கியைத் தேர்ந்தவர் அறிந்தே தேர்ந்தார். 2018இல் அவ்வேறுபாடும் நீக்கப்பட்டு, போரை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய ஒரு விசையாயிற்று. அமைதியான உலகங்கள் பல கிடைத்த காலத்தில் ஈவ் ஆன்லைனைத் தேடிவந்த 80,000 பேரும், வேறு போக்கிடம் அரிதாயிருந்த காலத்தில் பிரிட்டானியாவின் சுரங்கவாயிலில் நின்றவர்களும் ஒரே வகைப் புதியவர் அல்லர். முன்னவர் நுழைவதற்குமுன் அவ்வுலகின் கொடுமையைக் கேள்விப்பட்டிருந்தனர். பின்னவருக்கு அதைச் சொல்லியிருக்கக்கூடியவர்கள், சொல்லாமலே போய்விட்டிருந்தனர்.